பிண்டாரி வழியில் ஊர் ஊராக நடப்பது: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நான் முதல்முறை பிண்டாரி பனியாற்றுக்குப் போனபோது கையில் ஒரு அட்டவணை இருந்தது. இந்த நாள் இத்தனை கிலோமீட்டர், இந்த இடத்தில் மதியச் சாப்பாடு, இத்தனை மணிக்குள் அடுத்த பங்களா. எல்லாம் அதன்படியே நடந்தது. பாதை முடிகிற ஜீரோ பாயிண்டில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கி வந்தேன். ஊருக்குத் திரும்பியதும் என் சித்தி கேட்டார், "அந்த ஊர்ல ஜனங்க எப்படி?" எனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. காதி கிராமத்தின் நடுவே போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை நடந்திருக்கிறேன், ஒரு வீட்டு வாசலில்கூட உட்காரவில்லை.

இரண்டாம் முறை அதே வழிக்கு ஒன்பது நாள் எடுத்துக்கொண்டேன். இது அந்த இரண்டாம் பயணத்தின் வழிகாட்டி. மலையேற்றக் குறிப்புகள் தேவையான அளவுக்கு இருக்கும், ஆனால் பெரும்பகுதி வழியில் சந்திக்கிற ஆட்களோடு எப்படிப் பழகுவது என்பதைப் பற்றியதுதான்.

முதலில் இடம். உத்தராகண்டின் கிழக்குப் பாதிக்குக் குமாவோன் என்று பெயர். அதில் பாகேஷ்வர் மாவட்டத்தின் மேல்பகுதியைப் பழைய ஆட்கள் தான்பூர் என்பார்கள். அங்கே பிண்டார் ஆற்றின் கரையோடு போகிற வழி இது. லோஹார்கேத், டாகுரி, காதி, த்வாலி, புர்க்கியா, அப்புறம் ஜீரோ பாயிண்ட். காதிதான் கடைசி ஊர், அதற்கு மேலே தங்கும் விடுதிகளும் மேய்ச்சல்காரர்களும் மட்டும்தான்.

எப்போது போவது

ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை, இல்லையென்றால் செப்டம்பர் பாதியிலிருந்து நவம்பர் வரை. ஜூலை, ஆகஸ்டில் வேண்டாம். மண் சரியும், ஜீப் பாதை மூடும், காட்டுக்குள் அட்டை ஏறும்.

இந்த இரண்டில் எது என்றால், ஆட்களைப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு நான் அக்டோபர்தான் சொல்வேன். மே, ஜூனில் மேல் ஊர்களில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். பனி உருகியதும் கீடா ஜடி என்கிற புழுப்பூஞ்சை தேட உயரமான புல்வெளிகளுக்குப் போய், அங்கேயே கூடாரம் போட்டு வாரக்கணக்கில் தங்குவார்கள். ஒரு குடும்பத்தின் வருடச் செலவில் பெரும்பகுதி அந்தச் சில வாரங்களில் வந்துவிடும், அதனால் போகாமல் இருக்க முடியாது. அக்டோபரில் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். கூரை மேல் மக்காச்சோளம் காயும், மரக்கிளைகளில் வைக்கோலைக் கூம்பாகக் கட்டித் தொங்க விட்டிருப்பார்கள், வானமும் தெளிவாக இருக்கும். ஒரே சங்கடம், பெண்கள் குளிர்காலத்துக்குப் புல் சேர்க்கிற நேரம் அது. விடியும் முன்னே போய்விடுவார்கள்.

போய்ச் சேர்வது

டெல்லி வரை எப்படி என்பது உங்கள் விருப்பம். டெல்லியிலிருந்து காட்கோதாமுக்கு ராத்திரி ரயில் இருக்கிறது. ராணிகேத் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியற்காலையில் மலையடிவாரத்தில் இறங்கலாம், அதோடு ரயில் பாதை முடிந்துவிடுகிறது. அங்கிருந்தோ பக்கத்து ஹல்த்வானியிலிருந்தோ ஷேர் ஜீப்பில் அல்மோரா, அங்கிருந்து பாகேஷ்வர். எல்லாம் சேர்த்து ஆறேழு மணி நேரம், வயிற்றைப் பிரட்டும், முந்தின ராத்திரி எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். அல்மோராவுக்குப் பக்கத்தில் சிதை என்ற இடத்தில் கோலு தேவதை கோயில் இருக்கிறது. நீதி கேட்டு முத்திரைத் தாளில் மனு எழுதிக் கட்டி வைப்பார்கள், கேட்டது நடந்தால் மணி வாங்கித் தொங்க விடுவார்கள். ஆயிரக்கணக்கில் மணிகள். ஒரு மணி நேரம் ஒதுக்கி அந்த மனுக்களைப் பாருங்கள், ஹிந்தி படிக்கத் தெரிந்தால் இன்னும் நல்லது. நிலத் தகராறும் மாப்பிள்ளை தேடலும்தான் அங்கேயும்.

பாகேஷ்வரில் ஒரு ராத்திரி தங்குங்கள். ஏடிஎம்மில் எடுக்க வேண்டிய பணத்தை இங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள், சில்லறையாகவும் வைத்துக்கொள்ளுங்கள். மேலே போகும் வழியில் கப்கோட் என்ற ஊரைத் தாண்டினால் சிக்னலை நம்ப முடியாது, சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபே கிடையாது. வனத்துறை அனுமதிச் சீட்டு எங்கே வாங்குவது என்று பாகேஷ்வரிலோ கப்கோட்டிலோ விசாரித்துக்கொண்டு மேலே போங்கள், ஆதார் நகல் இரண்டு மூன்று இருக்கட்டும். ஜீப்புகள் காலையில்தான், பத்து மணிக்கு மேல் போய் நின்றால் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஜீப் இப்போது கர்க்கியா வரை போகிறது, அங்கிருந்து காதிக்கு அரை நாள்கூட ஆகாது. நிறையப் பேர் அப்படித்தான் போகிறார்கள். நான் சொல்வது வேறு: போகும்போது லோஹார்கேத்தில் இறங்கி டாகுரி மேடு ஏறிப் போங்கள், வரும்போது ஜீப்பில் வாருங்கள். கிட்டத்தட்ட 1,750 மீட்டரிலிருந்து 2,800க்கு மேல் ஏறுகிற செங்குத்தான நாள் அது, முழங்கால் திட்டும். ஆனால் டாகுரி உச்சியில் திரும்பினால் மைக்தோலி, நந்தா கோட் பனிச்சிகரங்கள் எதிரே நிற்கும், உடம்பும் உயரத்துக்குப் பழகிக்கொள்ளும். உச்சிக்குக் கொஞ்சம் கீழே இருக்கிற டாகுரி விடுதியின் உயரம் நம் தொட்டபெட்டாவைவிடக் கொஞ்சம்தான் அதிகம், ராத்திரிக் குளிர் மட்டும் ஊட்டிக் குளிர் இல்லை.

பையில் என்ன

சுருக்கமாகச் சொல்கிறேன், இது எல்லா இடத்திலும் கிடைக்கிற தகவல். பழகிய ஷூ, மழைக்கோட்டு, கம்பளித் தொப்பி, ஒரு நல்ல ஜாக்கெட், டார்ச், தண்ணீர் வடிகட்டி அல்லது குளோரின் மாத்திரை, ஓஆர்எஸ். ஒரு கைத்தடி கண்டிப்பாக வேண்டும். கீழ்ப்பகுதியில் பைன் ஊசி இலை பாதை முழுக்கக் கொட்டிக் கிடக்கும், அதைப் பிருல் என்பார்கள், காய்ந்த பிருலில் இறங்குவது எண்ணெய் தடவிய தரையில் இறங்குவது மாதிரி.

பாகேஷ்வர் கடைத்தெருவில் அரைக் கிலோ டீத்தூள், ஒரு கிலோ வெல்லம் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். ஏன் என்று கீழே வருகிறது.

வழி கேட்பது எப்படி

எவ்வளவு தூரம் என்று கேட்காதீர்கள். "பஸ், யஹீன் ஹை" என்பார்கள், இதோ இங்கேதான் என்று அர்த்தம், அது இரண்டு மலை தள்ளி இருக்கும். பொய் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம், அவர்களுக்கு அது நிஜமாகவே இங்கேதான். அங்கே கணக்கு வேறு: ஏற்றத்துக்கு உகாவ் என்றும் இறக்கத்துக்கு ஹுலார் என்றும் பெயர். இரண்டில் எது எவ்வளவு என்று கேட்டால் துல்லியமாகப் பதில் வரும். "முதலில் ஹுலார், அப்புறம் ஒரு காதேரா, அதைத் தாண்டினால் அரை மணி உகாவ், மேலே சைண்." காதேரா என்றால் ஓடை, சைண் என்றால் சமதரை. இந்த நாலு சொல்லை வைத்துக்கொண்டு நான் வரைபடமில்லாமல் நாள் முழுக்கப் போயிருக்கிறேன். அவர்கள் அரை மணி என்றால் ஏற்றத்தில் உங்களுக்கு ஒரு மணி நேரம், அதை நீங்களே பெருக்கிக்கொள்ள வேண்டும்.

2013 ஜூன் வெள்ளத்தில் காதிக்கும் த்வாலிக்கும் நடுவே பாதையும் பாலங்களும் அடித்துக்கொண்டு போயின. அதனால் பழைய வரைபடம், பழைய பயணக்குறிப்பு எதையும் நம்பி ஆற்றைக் கடக்கப் போகாதீர்கள். அன்று காலை அந்தப் பக்கத்திலிருந்து வந்தவரைக் கேளுங்கள்.

கூப்பிடுவதும் பதில் சொல்வதும்

இதுதான் முக்கியமான படி, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பாதையில் எதிரே யார் வந்தாலும் பேசாமல் தாண்டிப் போகக் கூடாது. வயதில் பெரியவர் என்றால் கும்பிட்டு "பைலாக்" என்று சொல்லுங்கள், காலில் விழுகிறேன் என்பது அதன் பொருள். ஒரு வெளியூர்க்காரன் வாயிலிருந்து அது வந்தால் முதலில் சிரிப்பு வரும், அப்புறம் "ஜீ ரயே" என்று வாழ்த்து வரும். மூத்த ஆண் தாஜ்யூ, அண்ணன் என்று அர்த்தம். உங்களைவிடச் சின்னவன் புலா. மூத்த பெண்ணை தீதீ என்றும் இளையவளை பைணி என்றும் கூப்பிடலாம். பாட்டி ஆமா, தாத்தா பூபூ. நமக்கு இது சுலபம், நாம்தான் ஆட்டோக்காரரையே அண்ணா என்று கூப்பிடுகிற ஆட்களாயிற்றே. அங்கிள், ஆன்ட்டி வேண்டாம், அது டெல்லி வாடை அடிக்கும்.

அடுத்து கேள்விகள் வரும். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், தனியாகவா, கல்யாணம் ஆயிற்றா, எத்தனை பிள்ளை, சம்பளம் என்ன. நகரத்தில் இருந்து போகிற பலருக்கு இது உறுத்துகிறது, மழுப்பலாகச் சொல்லிவிட்டு நகர்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். எங்கே போகிறாய் என்ற கேள்வியில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது: நீங்கள் ராத்திரி வந்து சேரவில்லை என்றால், கடைசியாக உங்களை எங்கே பார்த்தோம் என்று சொல்ல ஆள் இருக்கும். நான் ஒரு சாயங்காலம் வழி தவறி ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு இறங்கியபோது, டார்ச்சோடு ஒரு பையன் ஏறி வந்துகொண்டிருந்தான். மதியம் புல்கட்டோடு போன அக்கா ஊரில் சொல்லியிருக்கிறார், "ஒரு மதராஸி மேலே போனான், இன்னும் இறங்கலை."

ஆமாம், மதராஸிதான். தமிழ், கேரளா, ஆந்திரா எல்லாம் அங்கே ஒன்று. கோபப்பட வேண்டாம், நாமும் அந்தப் பக்கத்தில் எல்லோரையும் சேட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தானே. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, ஓய்வு பெற்ற ராணுவக்காரர்கள். குமாவோன் ரெஜிமெண்டின் தலைமையகம் ராணிகேத்தில்தான் இருக்கிறது, இந்த மலைகளில் ராணுவத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் அபூர்வம். குன்னூர் வெலிங்டனில் இருந்துவிட்டு வந்த ஒரு பெரியவர், என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று "சாப்பாடு ஆச்சா?" என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். அதைச் சொல்லத்தான் முப்பது வருடம் காத்திருந்தவர் மாதிரி இருந்தது முகம்.

ஹிந்தி சரளமாக வராதே என்று கவலைப்படாதீர்கள். தான்பூர்ப் பாட்டிகளுக்கும் ஹிந்தி இரண்டாம் மொழிதான்.

டீக்குக் கூப்பிட்டால்

போங்கள். மறுக்காதீர்கள், மணியைப் பார்க்காதீர்கள். பழைய குமாவோனி வீடு கல்லில் கட்டி, பலகைக் கல்லால் கூரை வேய்ந்திருக்கும். கீழ்த்தளம் கோட், மாடு கட்டும் இடம். மனிதர்கள் மேலே. வாசலில் கல் பாவிய முற்றம், அதைப் பட்டாங்கண் என்பார்கள். அங்கேதான் தானியம் காயும், அங்கேதான் பஞ்சாயத்து, அங்கேதான் நீங்கள் உட்கார வேண்டும். கோணியோ கம்பளமோ விரிப்பார்கள், விரிக்கும் வரை நின்றுகொண்டிருங்கள்.

டீ ஸ்டீல் டம்ளரில் வரும், சர்க்கரை இருக்காது. ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை போட மறந்துட்டாங்க" என்று முகம் சுளிப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு, நானும் செய்தேன். பொறுங்கள். பின்னாலேயே உள்ளங்கையில் ஒரு வெல்லக்கட்டி வரும், சில வீட்டில் கற்கண்டு. அதை டம்ளரில் போட்டுவிடாதீர்கள். ஒரு கடி கடித்து நாக்கில் வைத்துக்கொண்டு டீயை அதன் மேல் ஓட விட வேண்டும். இதற்குக் கட்கி என்று பெயர். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு கடுங்காப்பி குடித்த தாத்தாக்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சர்க்கரை தோளில் சுமந்து வர வேண்டிய பண்டமாக இருந்த ஊர்களில், கலக்கிக் குடித்துக் கட்டுப்படியாகுமா?

காசு கொடுக்க முயலாதீர்கள். பாதையோரக் கடை என்றால் கொடுங்கள், வீட்டு முற்றம் என்றால் கொடுக்கக் கூடாது. இங்கேதான் பையில் இருக்கிற டீத்தூளும் வெல்லமும். கிளம்பும்போது ஆமாவின் கையில் கொஞ்சம் கொடுத்து "வழிக்கு வாங்கினேன், கனக்கிறது" என்று சொன்னால் வாங்கிக்கொள்வார்கள்.

வீட்டில் தங்குவது

குமாவோன் சுற்றுலா நிறுவனத்தின் விடுதிகள் வழியெங்கும் உண்டு, டாகுரியிலும் த்வாலியிலும் புர்க்கியாவிலும் அவைதான் வசதி. காதியில் மட்டும் வீட்டுத் தங்கல் தேடுங்கள். இரண்டு ராத்திரி. வாடகை, சாப்பாடு எவ்வளவு என்று உள்ளே நுழையும் முன்னே பேசிவிடுங்கள், கடைசி நாளில் பேரம் பேசுவது மாதிரி அசிங்கம் வேறில்லை.

சாப்பாட்டில் உங்களுக்குப் பழக்கமானவை நிறைய. மடுவா ரொட்டி என்பது நம் கேழ்வரகு. கஹத் என்பது கொள்ளு, குளிருக்கு அதை ராத்திரி முழுக்க ஊறவைத்துக் காய்ச்சுவார்கள். ஜங்கோரா நம் குதிரைவாலி. பட் என்பது கருப்பு சோயா, இரும்புச் சட்டியில் வேகவைத்த அந்தக் கருங்குழம்பைச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டால் அடுத்த நாள் ஏற்றம் தெரியாது. பாங்கு என்கிற கஞ்சாச் செடியின் விதையில் அரைத்த சட்னி வரும், பயப்பட வேண்டாம், விதை போதையேற்றாது. சிசூண் என்று ஒரு கீரை கொடுத்தால் கட்டாயம் சாப்பிடுங்கள். பாதையோரத்தில் உரசினால் நம் செந்தட்டி போல, தேள் கொட்டியது மாதிரி எரியும் அதே செடிதான், வெந்ததும் சாது ஆகிவிடும்.

அடுப்பங்கரைக்குள் கேட்காமல் காலெடுத்து வைக்காதீர்கள். பல வீடுகளில் அது பூஜையறைக்குச் சமம். சில இடங்களில் உங்கள் சாதியைக் கேட்பார்கள், நேரடியாகவே கேட்பார்கள். மாதவிலக்கு நாட்களில் பெண்களைத் தனியாக உட்காரச் சொல்லும் வீடுகளும் உண்டு. எனக்கு இவை இரண்டும் பிடிக்காது, பிடிக்காது என்று கேட்கும்போது சொல்லவும் செய்வேன், ஆனால் விருந்தாளியாகப் போன வீட்டில் சீர்திருத்தக் கூட்டம் நடத்த மாட்டேன். சாதி கேட்டால் "நாங்கள் அதைச் சொல்வதில்லை" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, அப்படியும் உள்ளே கூப்பிடாத வீட்டில் முற்றத்தோடு நின்றிருக்கிறேன். பெண்கள் போகிறீர்கள் என்றால் இதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது, விடுதியில் தங்கினால் இந்தக் கேள்வியே வராது.

சுமை தூக்குபவர், வழிகாட்டி

உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். வழி தெரியும் என்பதற்காக மட்டும் இல்லை, அவர் கூட இருந்தால் ஒவ்வொரு ஊரிலும் ஒரு மாமா வீடு திறக்கும். கூலியை நாள் கணக்கில் பேசுங்கள், திரும்பி நடக்கும் நாட்களுக்கும் சேர்த்து. 15 கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள், அவர் தூக்குகிறேன் என்றாலும். நீங்கள் சாப்பிடும் இடத்தில், நீங்கள் சாப்பிடுவதையே, உங்களோடு உட்கார்ந்து.

இதில் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்றால், இந்த வழிக்கு ஒரு கதை இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே குலி பேகார் என்று ஒரு முறை. அதிகாரியோ வேட்டைக்கு வந்த துரையோ ஊர் வழியாகப் போனால், முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் வந்து மூட்டை தூக்க வேண்டும், பைசா கிடையாது. யார் முறை என்று எழுதி வைக்க ஊர்த் தலைவர்களிடம் பதிவேடு. நமக்குக் கூலி என்றால் உழைப்புக்குக் கிடைக்கும் பணம், அங்கே அந்தச் சொல்லே பணமில்லாமல் சுமப்பவனுக்கு ஆகிவிட்டது. 1921 ஜனவரியில், நமக்குப் பொங்கல் வருகிற அதே நாட்களில், பாகேஷ்வரில் சரயுவும் கோமதியும் கூடும் இடத்தில் உத்தராயணி திருவிழா. விடுதலைப் போராட்டத் தலைவர் பத்ரி தத் பாண்டே முன்னிற்க, திரண்ட கூட்டம் அந்தப் பதிவேடுகளைச் சரயுவில் வீசியது. அதோடு அந்த வழக்கம் ஒழிந்தது. நீங்கள் பாகேஷ்வரில் தங்கும் ராத்திரி பாக்நாத் கோயில் படித்துறைக்குப் போய்வாருங்கள், அந்த இடம்தான். உத்தராயணிக்குக் குழந்தைகள் இனிப்பு மாவில் செய்த மாலையைப் போட்டுக்கொண்டு காக்காவைக் கூப்பிட்டுத் தின்னக் கொடுப்பார்கள், நம் கணுப்பிடி ஞாபகம் வரும்.

பாதையில் சில விஷயங்கள்

கோவேறு கழுதைக் கூட்டம் வந்தால் மலைச்சுவர்ப் பக்கம் ஒட்டி நில்லுங்கள். பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்துக் கீழே தள்ளிவிடும், இதில் சமரசமே இல்லை.

மேய்ச்சல்காரர்களை அங்கே அண்வால் என்பார்கள். ஆட்டுக் கூட்டத்தோடு கழுத்தில் முள்பட்டை போட்ட பெரிய நாய் இருக்கும், சிறுத்தைக்காக அந்தப் பட்டை. தூரத்தில் நின்று குரல் கொடுத்து, அவர் நாயைக் கூப்பிட்ட பிறகு போங்கள். இருட்டிய பிறகு நடக்க வேண்டாம். அக்டோபரில் மக்காச்சோளத்துக்குக் கரடியும் வரும், காட்டுக்குள் கொஞ்சம் சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள்.

நௌலா என்று கல்லில் கட்டிய சின்ன ஊற்றுக் கிணறு பார்ப்பீர்கள், கோயில் கருவறை மாதிரி இருக்கும், பலவற்றில் விஷ்ணு சிலையும் உண்டு. செருப்போடு இறங்காதீர்கள், கை கழுவாதீர்கள், மொண்டு வெளியே எடுத்து வந்து கழுவுங்கள். தலைமுறைகளாகக் குடித்த தண்ணீர் அது.

புர்க்கியாவிலிருந்து ஜீரோ பாயிண்டுக்கு விடியும் முன்னே கிளம்புங்கள், பத்துப் பதினோரு மணிக்கு மேகம் மூடிவிடும். 3,600 மீட்டருக்கு மேல் போகிறீர்கள், தலைவலியோடு வாந்தியும் வந்தால் அன்றைக்கே இறங்க வேண்டும், விவாதம் வேண்டாம். இங்கிருந்து ஒரு கணவாய் மேலே போகிறது, 1830இல் குமாவோன் கமிஷனராக இருந்த ட்ரெயில் என்ற துரை கடந்ததால் அவர் பேரில் இருக்கிறது. அவருக்கு வழி காட்டியவர் சூபி ஊரைச் சேர்ந்த மலக் சிங். வரைபடத்தில் துரை பெயர்தான் இருக்கிறது, ஊர்க்காரர்களிடம் கேட்டால் மலக் சிங் கதைதான் முதலில் வரும்.

போட்டோ, மிட்டாய், மருந்து

முதுகில் புல்கட்டோடு குனிந்து வரும் பெண்ணைப் படமெடுக்காதீர்கள். அந்தக் கோணத்தில் யாருக்கும் தன்னைப் பார்க்கப் பிடிக்காது. உட்கார்ந்து, கட்டை இறக்கி, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, "இப்போ எடு" என்று அவரே சொல்வார்.

பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்காதீர்கள், அடுத்து வருபவன் பின்னால் கை நீட்டிக்கொண்டு ஓடப் பழகிவிடும். மருந்து கேட்பார்கள், மூட்டு வலிக்கு, காய்ச்சலுக்கு. ஓஆர்எஸ், பேண்டேஜ், தேய்க்கிற தைலம் கொடுக்கலாம். ஆன்டிபயாட்டிக் கொடுக்கவே கூடாது, நீங்கள் டாக்டர் இல்லை, நாளைக்கு அங்கே இருக்கப் போவதும் இல்லை.

எடுத்த போட்டோவை அனுப்புகிறேன் என்று சொன்னால் அனுப்ப வேண்டும். எல்லோரும் சொல்கிறார்கள், பாதிப் பேர் அனுப்புவதில்லை, காதியில் ஒரு தீதீ என்னிடம் அதைச் சொல்லிச் சிரித்தார், கொஞ்சம் கசப்போடுதான். சுலபமான வழி: இறங்கி வந்ததும் பாகேஷ்வரிலேயே ஒரு ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு, பின்னால் வீட்டுக்காரர் பெயரும் ஊர்ப் பெயரும் எழுதி, கவரில் வைத்து, காலையில் கர்க்கியா போகிற ஜீப் டிரைவரிடம் கொடுத்துவிடுங்கள். மருந்து, மொபைல், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவர்கள் கையில்தான் மேலே போகிறது. நான் கொடுத்த கவர் அன்று சாயங்காலமே போய்ச் சேர்ந்துவிட்டது. மூன்று நாள் கழித்து ரயிலில் இருக்கும்போது போன் வந்தது, சிக்னலுக்காக யாரோ மேடு ஏறியிருக்க வேண்டும், மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார்கள். ஆமாவின் படத்தில் கண் மூடியிருக்கிறதாம், அடுத்த தடவை வந்து வேறு எடுக்க வேண்டுமாம்.